பூஜையில் வைத்த சைக்கிள்

செப். 26, வெள்ளி

காலையில் மழை, பிறகு புழுக்கம். சைக்கிள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டேன். பிசுபிசுவென்று ஒட்டுகிறது. துருவுக்கு என்று அம்மா தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். தலைக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான், சைக்கிளுக்கும் அதுதான்.

பீச்சில் ஓட்டுவதற்கென்றே அகல ஹேண்டில்பார், தடி டயர் வைத்த வண்டி. கல்யாணமான புதிதில் அவர் வாங்கியது. சங்குமுகம் பீச்சில் மூன்று ஞாயிறு ஓட்டியதோடு சரி. மிச்சத்தை உப்புக்காற்று தின்றது. போன வருஷம் அவரை விட்டுக் கரமனையில் அம்மா வீட்டுக்கே நான் வந்துவிட்டபோது, என் பாத்திரங்களோடு இதையும் டெம்போவில் ஏற்றிவிட்டார். "இந்த ஓட்டை உடைசலையும் நீயே வெச்சுக்கோ."

செப். 27, சனி

சாலை பஜார். ரிப்பேர் கடைச் செல்வனுக்கு வண்டியைப் பார்த்துச் சிரிப்பு. "யக்கா, இத ஆக்கிரிக் கடையில எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்க." மாட்டேன் என்றேன். டயர், கியரோடு பின்சக்கரம், கை பிரேக், எல்லாம் புதிது. பிரேக் கேபிள் சாம்பல் நிறத்தில்தான் கிடைத்தது, எரிச்சல். சீட்டை என் உயரத்துக்கு இறக்கி, அதை முறுக்குகிற ஆலன் கீ சாவியையும் கையில் தந்தான்.

ஏன் இந்தப் பாடு? பஸ் ஸ்டாப். தினமும் அதே பக்கத்து வீட்டு மாமி, அதே கேள்வி. "சார் எப்போ வந்து அழைச்சிண்டு போறார்?" பூஜை லீவு முடிந்ததும் ஆபீஸுக்கு சைக்கிள்தான். எவளுக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

செப். 29, திங்கள்

சாயங்காலம் சரஸ்வதி பூஜைக்குப் பூஜைவைப்பு. புத்தகம், அரிவாள்மணை, என் கால்குலேட்டர், பக்கத்தில் சைக்கிள். தெருமுனை வரை ஒரே ஒரு ரவுண்டு போய்விட்டு வர ஆசை. அம்மா விடவில்லை.

"வெச்சாச்சுன்னா வெச்சாச்சுடி. தசமியன்னிக்கு எடுக்கற வரைக்கும் தொடப்படாது."

ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம். அழகாகத்தான் இருந்தது, என் வண்டி.

அக். 1, புதன்

கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் சைக்கிள் இல்லை. அவர் வந்தாராம். காபி குடித்தாராம். "பரவாயில்லையே, நன்னா ஆக்கியிருக்காளே" என்று பெல்லை அடித்துப் பார்த்தாராம். கேட்டாராம். அம்மா கொடுத்துவிட்டாள். கார் டிக்கியில் கட்டிக்கொண்டு போயாயிற்று.

"மாப்பிள்ளை வாய்விட்டு கேக்கறச்சே இல்லேன்னு சொல்ல முடியுமோ? அவர் வாங்கினதாக்கும்."

"தசமி வரைக்கும் தொடப்படாதுன்னியே?"

"அது நமக்கு."

சாப்பிடவில்லை. அம்மா மேல் வருகிற கோபம் அவர் மேல்கூட வரவில்லை.

அக். 2, வியாழன்

பூஜை எடுத்தாயிற்று. சைக்கிள் நின்ற இடத்தில் கொஞ்சம் குங்குமம். துடைத்தேன். ஃபோன் செய்து என் சைக்கிள் வேண்டும் என்றேன். "உன்னோடதா? எப்போலேர்ந்து?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பாயசம் நன்றாக இருந்ததா என்று அம்மா கேட்கிறாள்!

அக். 3, வெள்ளி

நல்ல வெயில். ஆபீஸுக்குக் கிளம்பும்போது அம்மா அடைக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சீட்டு ரொம்ப கீழ இருக்காம், ஓட்டறச்சே முட்டி இடிக்கறதாம். ஏதோ சாவி இருக்காமே. எடுத்து வெச்சுட்டுப் போ, சாயங்காலம் வரார்."

எந்த சைக்கிள் கடையிலும் ஒரு நிமிஷ வேலை. போக மாட்டார். யாராவது எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும் அவருக்கு.

"எங்கே வெச்சேன்னு தெரியலை" என்றேன். கைப்பையில்தான் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் மாமி. "சார் வந்தாராமே? அழைச்சிண்டு போகவோ?"

"இல்லை மாமி, சைக்கிளை எடுத்துண்டு போக." எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாமி பஸ் வரும் திசையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஓட்டட்டும். முட்டி இடிக்க இடிக்க ஓட்டட்டும்.