குளோரின் அறைக்கு ஒரு கருவி

மார்ச் 3, செவ்வாய்

மூன்று கம்பெனிகளின் டெண்டர் உறைகளையும் இன்று பிரித்தோம். ஏழு குடிநீர் நிலையங்களின் குளோரின் அறைகளில் மாட்ட வேண்டிய கருவி. வாயு கசிந்தால் உடனே கத்த வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. குழுவில் தலைவர், கணக்குப் பிரிவு அதிகாரி, தொழில்நுட்பத்துக்கு நான். கணக்கு அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அடிக்கோடு'. ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் இல்லாமல் எதையும் படிக்க மாட்டார்.

என் தம்பி நாலாம் நிலையத்தில் ஆபரேட்டர் என்பதை முதலிலேயே தலைவரிடம் சொல்லிவிட்டேன். "நல்லதுதானேம்மா, அக்கறையா பார்ப்பீங்க" என்றார்.

அங்கே இன்றுவரை கருவியே கிடையாது. சந்தேகம் வந்தால் அமோனியாவில் நனைத்த துணியைக் குழாய்ப் பக்கம் காட்டுவார்களாம். வெள்ளையாகப் புகைந்தால் கசிவு. தம்பி இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான்.

மார்ச் 10, செவ்வாய்

சோதனை. மூன்று கருவிகளும் வாயுவைக் கண்டதும் அரை நிமிடத்துக்குள் கத்தின. அதோடு முடித்திருக்கலாம். குளோரின் அறை எப்போதும் ஈரம் கசியும் இடமாயிற்றே என்று, ஒரு கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியை அறைக்குள் விட்டேன். முதல் கருவியும் மூன்றாவதும் அமைதியாக இருந்தன. இரண்டாவது வாயுவே இல்லாமல் கத்த ஆரம்பித்தது. நிறுத்தினேன். மறுபடி கத்தியது. மூன்று முறை.

"கத்தாம இருந்தாதான் தப்பு. கத்துனா நல்லதுதானே மேடம்" என்றார் இரண்டாவது கம்பெனிக்காரர். அடிக்கோடு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா சும்மா கத்துகிற ஒன்றை எத்தனை நாள் மனிதர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்?

மார்ச் 11

அறிக்கை எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டாவது: தகுதி இல்லை.

மார்ச் 16, திங்கள்

தலைவர் கூப்பிட்டார். மேசையில் டெண்டர் ஆவணம், பதினாலாம் பக்கம், அடிக்கோடு போட்டது. 'சாதாரண அறைச் சூழலில் சோதிக்கப்படும்.' நீராவி என்று எங்கும் இல்லை.

"இல்லாத சோதனையை வச்சு ஒருத்தரைத் தள்ள முடியாதும்மா. கோர்ட்டுக்குப் போனா நிக்காது."

முதல் கம்பெனியின் சான்றிதழ் கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகிறதாம், அதனால் தள்ளுபடி. மூன்றாவதின் விலை அதிகம். மிச்சம் ஒன்றுதான்.

பதினாலாம் பக்கத்தை எழுதியது யார்? நான்தான். போன வருடம், அவசர அவசரமாக, பழைய டெண்டரைப் பார்த்து. அந்தப் பழைய டெண்டர் அலுவலக மாடிகளில் மாட்டும் புகைக் கருவிக்கானது. சாதாரண அறை. அந்த இரண்டு வார்த்தையை எடுக்காமல் விட்டேன். யாரைப் போய்த் திட்டுவது?

மார்ச் 17

தம்பி வந்திருந்தான். சொன்னேன். தோளைக் குலுக்கினான்.

"இப்ப அங்க ஒண்ணுமே இல்லக்கா. ஏதோ ஒண்ணு வரட்டும்."

"சும்மா கத்தும்டா."

"நானும்தான் வீட்ல சும்மா கத்தறேன். யாரு கேக்கறா?"

அவன் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மார்ச் 19, வியாழன்

மாற்றுக் கருத்து ஒன்று எழுதி எடுத்துப் போனேன், ஒன்றரைப் பக்கம். டெண்டரை ரத்து செய்து புதிதாகக் கேட்கலாம், தவறு என்னுடையது என்றே எழுதியிருந்தேன். தலைவர் முழுக்கப் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"புதுசா கேட்டா இன்னும் ஒரு வருஷம். அதுவரைக்கும் அந்த ஏழு ரூம்லயும் ஒண்ணுமே இருக்காது. அது பரவாயில்லையா உங்களுக்கு?"

தாள்களை மடித்து என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அப்புறம், உங்க தம்பி அங்க இருக்காரு. இதை ஃபைல்ல வச்சா, சொந்தக்காரருக்காக இழுத்தடிக்கறாங்கன்னு அந்தக் கம்பெனிக்காரன் எழுதுவான். விசாரணை வரும். தம்பி காண்ட்ராக்ட்தானே? முதல்ல அவரைத்தான் வேற எங்கயாவது அனுப்பச் சொல்வாங்க."

மிரட்டினாரா, எச்சரித்தாரா? பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை. அவர் குரலில் நிஜமான கரிசனம் இருந்தது, அதுதான் என்னை ஒன்றும் செய்யவிடவில்லை.

மார்ச் 20

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூலை 8, புதன்

நாலாம் நிலையத்தில் மாட்டிவிட்டார்கள். தம்பி போனில்: "நேத்து மட்டும் எட்டு தடவைக்கா. எட்டு தடவையும் முகமூடி மாட்டிக்கிட்டு ஓடுனோம். ஒண்ணுமில்ல."

ஜூலை 20

கம்பெனிக்கு எழுதியதற்குப் பதில் வந்தது. 'அறையின் ஈரப்பதத்தைக் குறைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' தண்ணீர் நிலையத்தில் ஈரத்தைக் குறைக்க வேண்டுமாம். தலைவரிடம் காட்டினேன். "பதில் வந்துடுச்சுல்ல, ஃபைல் பண்ணிடுங்க" என்றார்.

செப்டம்பர் 14, திங்கள்

வழக்கமான அரையாண்டு ஆய்வுக்காக நாலாம் நிலையம் போனேன். கருவியின் மேல் தடித்த பிளாஸ்டிக் பை, வாயில் ரப்பர் வளையம். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாரு கட்டுனது?"

"யாராவது ஒருத்தர் கட்டித்தானே ஆகணும்" என்றான் தம்பி. "ஒவ்வொரு தடவையும் பம்பை நிறுத்த வேண்டியிருக்குக்கா. நிறுத்துனா ஊருக்குத் தண்ணி போகல. மேல இருந்து திட்டு வருது."

ஆய்வுப் படிவத்தில் இரண்டே கேள்விகள். கருவி பொருத்தப்பட்டுள்ளதா? விளக்கு எரிகிறதா? ஓரத்தில் பையைப் பற்றி எழுதப் போனேன். தம்பி பேனாவை ஒன்றும் பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"எழுதுனா எங்களைத்தான்க்கா கேப்பாங்க."

இரண்டு கேள்விக்கும் பதிலை மட்டும் எழுதினேன். ஆம். ஆம்.

வெளியே வந்து படிக்கட்டருகில் நின்றேன். உள்ளே சிலிண்டர் மாற்றும் நேரம். தம்பி முகமூடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மரக்கிளை எந்தப் பக்கம் அசைகிறது என்று ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு என் முழங்கையைப் பிடித்து, கட்டடத்தைச் சுற்றிக் கூட்டிப்போய், காற்று வருகிற பக்கமாக நிறுத்தினான்.

"இங்கயே நில்லுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.