ஈரக் கை

போன வெள்ளிக்கிழமை யாரோ விருந்தாளி வருகிறார் என்று கல்லூரிப் பேருந்துகளை எங்கள் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஷாம்புவின் பச்சை ஆப்பிள் வாசனை மாடிக்கு ஏறி வந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த மேடம் என்னைக் கைகாட்டினார். "எந்திரிங்க. என்ன படிக்கறீங்க, படிப்பைத் தவிர வேறென்ன செஞ்சீங்க, பார்ட் டைம் வேலை ஏதாச்சும் பார்த்தீங்களா, மூணையும் சொல்லுங்க பார்க்கலாம்."

எழுந்தேன். பெயரைச் சொன்னேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஊர், அப்பா விவசாயம், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு என்றேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன் என்றேன். மூன்றாவதற்கு, "வேலை ஒண்ணும் பார்க்கலீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் உன் விஷயத்தில் நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சின்னது. ஆனால் அன்றைக்கு என்னால் சாப்பிட முடியாமல் செய்தது இந்தச் சின்னப் பொய்தான்.

உன்னை முதன்முதலில் பார்த்தது காந்திபுரத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில். முதல் வருஷம், முதல் வாரம். படம் வரைகிற டிராஃப்டரை இரண்டு பேரும் தோளில் மாட்டிக்கொண்டு, அது ஏதோ பதக்கம் மாதிரி, நெரிசலில் நின்றிருந்தோம். உன்னுடையது பின்னால் நின்ற ஒரு அம்மாவின் விலாவில் குத்திவிட்டது. "ஏனுங் கண்ணு, இதென்னங்க, சண்டைக்குப் போறீங்களா?" என்று அந்தம்மா கேட்டார். நீ பதறித் திரும்பி, "மன்னிச்சுக்கங்கம்மா, இன்னும் இத வெச்சு ஒரு கோடு கூடப் போடலீங்க" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நீ மெக்கானிக்கல், நான் எலக்ட்ரிக்கல். ஒரே பஸ் என்பதைத் தவிர நமக்குள் வேறு பொருத்தம் இல்லை. ஆனாலும் அந்த வாரத்திலிருந்து நான் உனக்கு மாப்ளையும் நீ எனக்கு மாப்ளையும் ஆகிவிட்டோம்.

நீ எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாய். அது எனக்குப் பெரிய கேலி. ஓடுகிற பஸ்ஸில் ஒரு நாளும் ஏறியதில்லை. பட்டறையில் லேத் மெஷினைப் போடுவதற்கு முன் இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாய், பிறகு பக்கத்தில் இருப்பவனையும் இழுத்துப் பார்க்கச் சொல்வாய். "உன்னையெல்லாம் மெக்கானிக்கல்ல சேர்த்ததுக்குப் பதிலா நர்சிங்ல சேர்த்திருக்கலாம்" என்பேன். "பதனமா இருந்தா என்னடா குறைஞ்சு போயிருது?" என்று கேட்பாய். ஜாக்கிரதை என்ற சொல்லை நீ பயன்படுத்தி நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பதனம்தான்.

இரண்டாம் வருஷ முகாமுக்கு நம்மை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார்களே, அங்கே மின்சாரப் பாதுகாப்பு பற்றிப் பேச என்னை நிறுத்தினார்கள். பேசியது நான். சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. ஈரக் கையால் சுவிட்சைத் தொடும் ஒரு மனிதனை அதில் வரைந்து சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தோம். மழை வந்து மேடைக் கொட்டகை ஒழுகிய பிறகும் நீ சார்ட்டை இறக்கவில்லை. உங்கள் வீட்டுச் சுவரில், இயேசுவின் படத்துக்குக் கீழே, அந்தப் புகைப்படத்தைத்தான் உன் அப்பா மாட்டியிருந்தார். மகன் ஏதோ பட்டம் வாங்கியது போல வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

வண்டி கழுவும் இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நீதான். சனிக்கிழமை மத்தியானம், ஞாயிறு முழுநாள். அப்பாவின் ஆட்டோவை அங்கே கழுவப் போய் அந்த ஓனரைப் பிடித்திருந்தாய். எனக்கு அந்த வேலை அவசியமே இல்லை, நீ போகிறாய் என்றுதான் வந்தேன். கால்சட்டையை முழங்கால் வரை மடக்கிக்கொண்டு, ஷாம்பு நுரையில் செருப்பு வழுக்குகிறது என்று வெறுங்காலோடு நின்று, மூன்று நான்கு வண்டி கழுவினால் உள்ளங்கையெல்லாம் சுருங்கிப் போகும். திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட்டால் வண்டியைத் துடைப்போம். அந்தத் துணித் துண்டுகளில் குழந்தைச் சட்டை ஏதாவது முழுசாகக் கிடைத்தால், "பாவம்டா, இத யாரும் போடவே இல்ல" என்று நீ தனியாக எடுத்து வைப்பாய்.

மழைக்காலம் தொடங்கியதும் பிரஷர் பம்ப் தகராறு செய்தது. அரை மணிக்கு ஒரு தடவை இ.எல்.சி.பி. விழுந்துவிடும். மின்சாரம் எங்கேயாவது கசிந்தால் அந்த நொடியே லைனைத் துண்டித்து ஆளைக் காப்பாற்றுவதற்காகவே சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி அது. அது விழுகிறது என்றால் கசிவு எங்கே என்று தேட வேண்டும், பெட்டியைக் குறை சொல்லக் கூடாது. இதைப் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியவன் நான். வெளியே கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஓனர் அண்ணன் என்னிடம் வந்து, "ஏந்தம்பி, கரண்டுக்குத்தான படிக்கறீங்க? ஒரு வழி பண்ண மாட்டீங்களா?" என்றார். அந்தக் கேள்வியில் நான் குளிர்ந்துபோனேன். நீ டீ வாங்கப் போயிருந்தாய். பெட்டியைத் திறந்து, உள்ளே வரும் லைனையும் வெளியே போகும் லைனையும் இரண்டு துண்டு வயரால் நேராகச் சேர்த்துவிட்டேன். டைரக்ட் கொடுத்துவிடுவது என்போம். அப்புறம் அந்தப் பெட்டி சுவரில் இருக்கும், ஆனால் யாரையும் காப்பாற்றாது.

நீ டீயோடு வந்து, "எப்படிடா சரி பண்ணுன?" என்று கேட்டாய். ஓனருக்கு உண்மை தெரியும். உன்னிடம் மட்டும், "உள்ள லூஸ் கனெக்ஷன்டா, டைட் பண்ணிட்டேன்" என்றேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பம்ப் பக்கமே நீ போயிருக்க மாட்டாய், என்னையும் விட்டிருக்க மாட்டாய். ஒரு வாரம் ஓனர் என்னை இன்ஜினியர் என்றே கூப்பிட்டார். நீயும் கூப்பிட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த ஞாயிறு, காலை பதினோரு மணி இருக்கும். வண்டிகளை ஏற்றிக் கழுவும் மேட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. நீ பம்பைக் காருக்குக் கிட்டே இழுக்கப் போனாய். இரும்புக் கைப்பிடி. கீழே கணுக்கால் வரை தண்ணீர். உன் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நீ கைப்பிடியைப் பிடித்தபடி விறைத்து நின்றிருந்தாய். நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். நீ நுரைக்குள் விழுந்தாய். வாடிக்கையாளர் காரிலேயே உன்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். மருத்துவமனையில் உன்னை உள்ளே கொண்டுபோன வேகத்திலேயே வெளியே வந்து சொல்லிவிட்டார்கள்.

ஓனர் என்னை மட்டும் கடைக்குத் திருப்பி அழைத்து வந்தார். "தம்பி, அந்த வயர எடுத்துப்போடுங்க. உங்க படிப்பும் போயிரும், என்ற பொழப்பும் போயிரும்" என்றார். எடுத்தேன். உன் உடம்பு அங்கே கிடக்கும்போது, என் கையால், என் டெஸ்டரால், திருகாணிகளைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். கை நடுங்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் அசிங்கமாக இருக்கிறது. அப்புறம் வந்த போலீஸ்காரர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். "பையன் ஈரக் கையோட பிளக்கைப் புடுங்கினானுங்க" என்றார் ஓனர். "அப்படியா?" என்று என்னைக் கேட்டார்கள். "ஆமாங்க சார்" என்றேன். பெட்டி சரியாக இருந்தால் லைன் ஏன் விழவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன் என எழுத ஆசையாக இருக்கிறது. காத்திருக்கவில்லை, கேட்டுவிடுவார்களோ என்று செத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா எனக்குச் சாப்பாடு போடுவார். அப்பா சுவரில் இருந்த முகாம் படத்தைக் கழற்றிவிட்டார். "சார்ட்டைப் புடிச்சுட்டு ஊருக்கெல்லாம் சொன்னவன், அவனே ஈரக் கையில தொட்டுப்போட்டானேங்க. அதப் பார்த்தா எனக்கு ஆத்திரம் வருதுங்க கண்ணு" என்றார். உன் மேல் ஆத்திரம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் திட்ட உனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் சொன்ன பொய்யோடுதான் கிளம்பினேன். காலையிலேயே பூ வாங்கிக்கொண்டு போய்விட்டேன். கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம். அப்பா உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அம்மா செண்டுமல்லியைச் சிலுவை மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு பெரியவர், "சின்னப் பையனாட்ட இருக்குதுங்களே, என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். அப்பா சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கீழே வைக்காமலே, "கை ஈரமா இருந்துச்சுங்க. அவன் பண்ணுன தப்புத்தானுங்க" என்றார். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பதனம் எங்கீங்க இருக்குது" என்று பெரியவர் தலையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பெரியவர் நகர்ந்ததும் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன், துண்டு வயரைச் சொன்னேன், கழற்றியதையும் "ஆமாங்க சார்" என்றதையும் சொன்னேன். அப்பா அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மட்டையைச் சுண்ணாம்பு வாளிக்குள் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வயரு சமாச்சாரம் அவனுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்கப்பா. சரி பண்ணிட்டேன்னு சொல்லியிருந்தேன்."

"அன்னிக்கு அவன் தொடறதுக்கு முன்னால ஏதாச்சும் கேட்டானுங்களா?"

ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. உன் அப்பாவுக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது.

"கேட்டானுங்க. 'பொட்டி வேலை செய்யுதல்லோ, இழுக்கட்டுமாடா'ன்னு கேட்டான். 'செய்யுது, தைரியமா இழு'ன்னு நான் சொன்னேனுங்க."

அப்பா எழுந்து நின்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, காது கேளாதவரிடம் சொல்வது போல உரக்க, "அம்மணி, கேட்டியா? நம்ம பையன் கேட்டுட்டுத்தான் தொட்டிருக்கான். கேட்டுட்டுத்தான் தொட்டிருக்கான்" என்றார். அம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். அப்பா அந்தப் பெரியவரைத் தேடிக்கொண்டு நான்கு வரிசை தாண்டிப் போனார். அங்கே கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். திரும்பி வரும்போது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"இத எங்கெங்க சொல்லோணுமோ அங்கயும் போய்ச் சொல்லிப்போடுங்க" என்றார். "இங்க மட்டும் இனிமே வராதீங்க கண்ணு. ஊட்டுக்கும் வேண்டாமுங்க."

என் பூவை அவர் வாங்கவில்லை. நானும் வைக்கவில்லை.

நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். என் அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் அதிலிருந்து என்னோடு பேசவில்லை, ஆனால் கூட வருகிறார் என்று அம்மா சொன்னாள். படிப்பு என்ன ஆகும், நேர்முகத் தேர்வு என்ன ஆகும் என்பதெல்லாம் இனி என் கையில் இல்லை. பயம் இருக்கிறது.

உன் அப்பாவிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. நான் "தைரியமா இழு" என்றதும் நீ "சரிடா இன்ஜினியர்" என்றாய். கேலியாக அல்ல. வாத்தியாருக்குப் பதில் சொல்வது போல, நிம்மதியாகச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாய். அதை அவர் தாங்க மாட்டார் என்று நானே வைத்துக்கொண்டேன்.