நட்புமுறைத் தீர்வுப் படிவத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புவது குறித்து

அனுப்புநர்:
நெவென்கா புர்லிச்,
மீன் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளி (ஓய்வு),
4, படகுத்துறைத் தெரு, மூன்றாம் மாடி,
ஸ்டாரா லூக்கா.

பெறுநர்:
அரசுப் பிரதிநிதி அவர்கள்,
ஸ்ட்ராஸ்பூர்க் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்ற வழக்குகள்,
ஸாக்ரெப்.

பொருள்: என் கணவர் ஸ்ரெச்கோ புர்லிச்சின் மரணம் தொடர்பான வழக்கு பதினெட்டு ஆண்டுகளாக முடிவடையாதது – இந்தத் தாமதம் குறித்து ஸ்ட்ராஸ்பூர்க்கில் நான் அளித்த புகாரை முடித்துக்கொள்ள அரசு முன்வைத்த உடன்பாடு – ஆட்சேபமும் கோரிக்கையும்.

பார்வை: தங்கள் கடிதம், நாள் 3.11.2025.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்கள் கடிதம் கிடைத்தது. அதனுடன் வந்த இரண்டு பக்கப் படிவத்தை நான்கு முறை படித்தேன். ‘நட்புமுறைத் தீர்வு’ என்று அதற்குத் தலைப்பிட்டிருக்கிறீர்கள். தங்களுக்கும் எனக்கும் நட்பு எப்போது ஏற்பட்டது என்று எனக்கு விளங்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் இந்த அரசிடமிருந்து எனக்கு வந்தவை வாய்தாத் தாள்கள் மட்டுமே. அவற்றிலும் இரண்டில் என் கணவர் பெயரைத் தவறாக அச்சிட்டிருந்தார்கள்.

2. தாங்கள் இந்த வழக்கின் கட்டைப் பார்த்திருக்கலாம். என் கணவரைப் பார்த்ததில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊர்க் கப்பல் கட்டும் தளத்தில் கிரேனில் தொங்கிய இரும்புத் தகடு வடம் அறுந்து விழுந்தது. கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்த என் கணவர் அந்த இடத்திலேயே இறந்தார். டோஞ்சி என்ற இருபத்திரண்டு வயது வெல்டரும் இறந்தான். தளத்தின் நிர்வாகம் ஒன்பதே நாளில் விசாரணையை முடித்து, ‘புர்லிச் கொக்கியைக் கவனக்குறைவாக மாட்டியதே காரணம்’ என்று எழுதியது. நிர்வாகத்துக்கு ஒன்பது நாள் போதுமானதாக இருந்தது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

3. டோஞ்சியின் தாயார் மில்கா எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறார். அவர் ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் எதிரே ஒரே கம்பம். இருவரும் துணி காயப்போடும் கொடி அதில்தான் கட்டியிருந்தது. மழை வந்தால் அவர் துணியை நான் எடுப்பேன், என் துணியை அவர் எடுப்பார். நிர்வாகத்தின் அறிக்கை வந்த அன்று அவர் தம் கொடியை அறுத்துவிட்டார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். 2007இல் நான் வழக்குப் போட்டபோது ஒரே ஒரு முறை பேசினார்: “உன் புருஷன்தான் என் புள்ளையக் கொன்னான்னு கடுதாசில எழுதிட்டாங்க. இல்லேன்னு நீ வாயால சொன்னா ஆச்சா? கோர்ட்டு சொல்லட்டும். அப்ப நானே படியேறி வர்றேன்.”

நான் நியாயம் என்று நினைத்தேன். ஒரு வருடம் ஆகும், மிஞ்சினால் இரண்டு என்று என் வழக்கறிஞர் சொன்னார்.

4. நடந்தவை: ஆறு நீதிபதிகள் மாறினார்கள். முதல் நிபுணர் அறிக்கை நீதிமன்றத்தின் நிலவறையில் தண்ணீர் புகுந்து அழிந்தது. இரண்டாம் நிபுணர் தளத்தின் பழைய மேலாளருக்கு மைத்துனர் என்று தெரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள். 2014இல் தீர்ப்பு வந்தது. மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2019இல் மறுபடி அப்படியே. இடையில் தளம் திவாலாகிக் கை மாறியது. யார்மேல் வழக்கு என்று தீர்மானிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள். நாற்பத்தொரு வாய்தாக்கள். ஓய்வு பெறும் வரை ஒவ்வொன்றுக்கும் ஆலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, கையில் மத்தி மீன் வாடை போகத் தேய்த்துக் கழுவி, நல்ல உடை உடுத்திப் போயிருக்கிறேன். நாற்பத்தொன்றில் இருபத்தாறு முறை நீதிபதியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். ஒரு முறை கோபம் தாங்காமல் குரலை உயர்த்தினேன். நீதிமன்ற அவமதிப்பு என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை மட்டும் மறுநாளே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

5. இந்த வழக்கில் உயிரோடு இருக்கும் ஒரே நேரடிச் சாட்சி அன்று கிரேனை இயக்கிய ஃப்ரானே. வயது எழுபத்தொன்பது. தளத்தின் கல்நார்த் தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. அவர் குடியிருக்கும் தீவிலிருந்து அதிகாலைப் படகில் வர வேண்டும். சாட்சியிடம் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று என் வழக்கறிஞர் கண்டித்திருந்ததால், இத்தனை ஆண்டுகளும் அவரிடம் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். சட்டத்தை நான் மதித்தேன் அம்மையீர். 2011, 2017, 2023 என மூன்று முறை அவரை அழைத்தார்கள். மூன்று முறையும் கேட்காமலே அனுப்பினார்கள்.

6. கடந்த அக்டோபர் 14 அன்று நான்காம் முறை. சக்கரம் வைத்த ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு மகளுடன் வந்திருந்தார். இரண்டு மணி நேரம் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுத்தர் அம்மாள் கதவைத் திறந்து, “இன்னிக்கு விசாரணை இல்லீங்க. ஜட்ஜ் மாற்றலாகிப் போயிட்டாங்க. புதுத் தேதி தபால்ல வரும்” என்றார்.

ஃப்ரானே சிரித்தார். “எனக்கு டாக்டரும் ஒரு தேதி குறிச்சிருக்காரும்மா. உங்க தேதி முந்துமா, அவரு தேதி முந்துமா?”

“அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?”

“நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் சொல்லப்போறேன். கேட்டா கேளு, கேக்காட்டிப் போ.”

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, பூட்டிய நீதிமன்ற அறையைப் பார்த்து எழுந்து நின்றார். வலது கையை உயர்த்தி, முழுப் பெயரும் பிறந்த தேதியும் சொன்னார். பிறகு, இடையிடையே மூச்சுக்கு நிறுத்தி, அவர் சொன்னது இது:

“வெள்ளிக்கிழமையே மேஸ்திரிகிட்ட சொன்னேன், வடத்துல எழை அறுந்து தொங்குதுன்னு. ‘கப்பல் தண்ணில எறங்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்’னான். செவ்வாய்க்கெழமை தகட்டத் தூக்கறேன். பாதி ஒசரம் போகல, கீழேருந்து ஸ்ரெச்கோ ரெண்டு கையையும் தூக்கி ‘நிறுத்து, நிறுத்து’ன்னு காட்டறான். அவன் கண்ணுக்கு வடம் பிரியறது தெரிஞ்சிருச்சு. கொக்கி சரியாத்தான் மாட்டியிருந்துது, விழுந்த தகட்டுலயும் அது மாட்டினபடியேதான் கெடந்துது. அவன் தள்ளித்தான் நின்னான். ஓடியிருந்தா பொழச்சிருப்பான். அந்த டோஞ்சிப் பையன் முகமூடிய மாட்டிக்கிட்டுத் தகட்டுக்குக் கீழ குனிஞ்சு பத்த வச்சுக்கிட்டிருந்தான், அவனுக்கு ஒண்ணும் கேக்கல. அவன இழுக்கத்தான் ஸ்ரெச்கோ உள்ள ஓடினான். சட்டையப் புடிச்சுட்டான். நான் மேலேருந்து பாத்தேன். புடிச்சுட்டான்.”

என் கணவர் அந்தப் பையனைக் காப்பாற்ற ஓடினார் என்பதை நான் அன்றுதான், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஒரு நடைவழியில் நின்று கேட்டேன். எழுத்தர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காவலாளி தொப்பியைக் கழற்றினார். நான் எழுத்தரிடம், “இதை எழுதிக்கங்க, கும்பிட்டுக் கேக்கறேன்” என்றேன். “ஜட்ஜ் இல்லாம எழுதினா செல்லாதுங்க” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. விதி அப்படி. விதி எப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

7. அன்று மாலையே முதல் மாடிக் கதவைத் தட்டினேன். மில்கா சங்கிலியை எடுக்காமல் கொஞ்சமாகத் திறந்தார். ஃப்ரானே சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். சட்டையைப் பிடித்த இடம் வந்ததும் அவர் கதவு விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

“எழுத்துல இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“எழுத்துலதான் அவங்க உன் புருஷன் பேரப் போட்டாங்க, நெவென்கா.” கதவை மூடினார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக என் பெயரைச் சொன்னார்.

8. இந்த நிலையில்தான் தங்கள் படிவம் வருகிறது. தாமதத்துக்காக வருந்துவதாகச் சொல்லி, நான்காயிரத்து எண்ணூறு யூரோ தருவதாகவும், அத்துடன் ‘இவ்விவகாரம் முற்றிலும் தீர்ந்ததாகக் கருதப்படும்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எது தீர்ந்தது? வழக்கு இன்னும் கீழ் நீதிமன்றத்தில் நீதிபதி இல்லாமல் கிடக்கிறது. தங்கள் படிவத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தாமதத்துக்கு ஈடு கொடுத்துவிட்டுத் தாமதத்தைத் தொடர்வதற்கு என் கையெழுத்தைக் கேட்கிறீர்கள். அது எனக்கு அவமானமாகப் பட்டது. வேறு நாகரிகமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மன்னிக்கவும், அல்லது மன்னிக்க வேண்டாம்.

9. ஆகவே கேட்டுக்கொள்வது: ஃப்ரானேயின் சாட்சியத்தைப் பதினைந்து நாட்களுக்குள், அவர் இருக்கும் இடத்துக்கே நீதிபதியை அனுப்பிப் பதிவு செய்வதாகவும், ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு வழங்க வகை செய்வதாகவும் அரசு அந்தப் படிவத்தில் எழுத்துப்பூர்வமாக உறுதி தர வேண்டும். ‘முற்றிலும் தீர்ந்தது’ என்ற வரியை நீக்க வேண்டும். இவற்றைச் செய்தால் தொகையைப் பாதியாகக் குறைத்தாலும் அன்றே கையெழுத்திடுகிறேன். செய்யாவிட்டால் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமே தீர்மானிக்கட்டும்; இந்தக் கடிதத்தின் நகல் அங்கும் செல்கிறது.

10. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ஃப்ரானேயின் மகள் தொலைபேசியில் அழைத்தார். அவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியங்களுக்குமேல் பேச முடிவதில்லையாம். “தேதி வந்துச்சா?” என்று கேட்பதில் அவற்றில் ஒன்று போய்விடுகிறதாம்.

நீதிபதியின் வசதிக்காகக் குறிப்பிடுகிறேன்: மாவட்டப் பொது மருத்துவமனை, மூன்றாம் மாடி, நுரையீரல் பிரிவு, ஜன்னலோரக் கட்டில். பார்வையாளர் நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. படகுத்துறையிலிருந்து நடந்தே போகலாம்.

இடம்: ஸ்டாரா லூக்கா
நாள்: 24.11.2025

(ஒப்பம்)
நெவென்கா புர்லிச்

இணைப்பு: தங்கள் படிவம், இரண்டு பக்கம்; வாய்தாத் தாள்களின் நகல், நாற்பத்தொன்று.