முதல் விருப்பம்

செவ்வாய், இரவு.

கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டரில் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். முதல் விருப்பமாகச் சிறைத்துறையைப் போட்டேன். புழலில் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆயுதப்படை என்றால் எந்த ஊருக்கோ போகவேண்டும். குழந்தைக்கு மூன்று வயது.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார்.

“இன்னா இது? ஆயுதப்படைன்னுதான சொல்லிக்கினு இருந்த?”

“கொயந்தய யாரு பாத்துக்கறது?”

“நான்தான். கம்பெனில நைட் ஷிஃப்ட் வேணாம்னு எப்பவோ எழுதிக் குடுத்துட்டேன். மாத்து.”

மாற்றினேன். ஆரம்பாக்கம் திரும்பும்போது ரயிலில் கேட்டேன், எப்போது எழுதிக் கொடுத்தார் என்று. போன வருஷம் ஓட்டத் தேர்வில் தோற்று, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று நான் அழுதேனே, அதற்கு மறுநாளாம்.

மனுஷன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்போது இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.