யானை விரட்டும் துப்பாக்கிக்குக் காற்று கேட்டு

அனுப்புநர்:
சு. பாண்டீஸ்வரி,
த/பெ சுருளியாண்டி,
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
மூங்கில்பாறை, வருசநாடு அஞ்சல்,
ஆண்டிபட்டி வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: யானை விரட்டும் துப்பாக்கிக்குக் கரியமில வாயு சிலிண்டரை விலக்கி, அழுத்தப்பட்ட காற்று சிலிண்டரைத் தேர்வு செய்தல் – அதனைத் தீயணைப்பு நிலையத்தில் நிரப்பித் தர ஆணை வேண்டுதல் – என் தந்தையின் உயிர் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம்தான் முதலில் சென்றேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஆத்தா, யானை வருதுன்னு மட்டும் எழுது. காத்து, வாயுன்னு எழுதுனா உள்ள இருக்குறவுக படிக்க மாட்டாக” என்றார். என் கோரிக்கையே காற்றைப் பற்றியதாக இருப்பதால், வளாகத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து நானே எழுதுகிறேன். தாங்கள் முழுவதும் படிக்க வேண்டும்.

1. எங்கள் ஊர் காட்டை ஒட்டியது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் யானைகள் இறங்கும். முன்பெல்லாம் தகரம் தட்டி, வெடி போட்டு, தூரத்தில் நின்று விரட்டுவார்கள். சென்ற ஆவணியில் சென்னையிலிருந்து வன உயிர்ச் சங்கத்தார் வந்து எங்கள் பயிர்க் காவல் குழுவுக்குத் துப்பாக்கி ஒன்று கொடுத்தார்கள். அது கொல்லும் துப்பாக்கி அன்று. நகரத்து இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாயக் குண்டு அடித்து விளையாடுவதற்காகச் செய்யப்பட்டது. சாயத்துக்குப் பதில் மிளகாய்ப் பொடி அடைத்த குண்டு பட்டால் யானை எரிச்சலில் திரும்பிவிடும். ஊரில் அதைக் கலர் துப்பாக்கி என்கிறோம். அதன் பின்புறம் தண்ணீர் பாட்டில் அளவுள்ள ஒரு சிலிண்டர் திருகப்பட்டிருக்கும். அதில் உள்ள கரியமில வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. சோடா கம்பெனிகளுக்கு வாயு நிரப்பும் கடையில் அதை நிரப்பிக்கொள்கிறோம்.

2. வெயில் அடித்த மாதங்களில் அது நன்றாகவே சுட்டது. கார்த்திகையில் பனி விழத் தொடங்கியதும் குண்டுகள் வலுவிழந்தன. துப்பாக்கியுடன் வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துப் படித்தேன். சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. அது வாயுவாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். குளிரில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. அடுத்தடுத்துச் சுடும்போது சிலிண்டர் தானாகவே மேலும் குளிர்ந்து, வெளியே வெண்மையாகப் பனி படிவதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆகவே யானை நெருங்க நெருங்க, அதாவது வேகமாகச் சுட வேண்டியிருக்கும் நேரத்தில்தான், துப்பாக்கி சோர்ந்துபோகிறது.

3. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, ஐயா. கையில் துப்பாக்கி வந்த பிறகு எங்கள் ஊர் ஆண்கள் யானைக்கு அருகில் போகப் பழகிவிட்டார்கள். தகரம் தட்டிய காலத்தில் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள், இப்போது ஓடையைத் தாண்டுகிறார்கள். இம்மாதத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை என் சித்தப்பா தங்கபாண்டி அப்படித் தாண்டிச் சுட்டார். குண்டு அவர் காலடியிலேயே விழுந்து உடைந்தது. யானை துரத்தியதில் பாறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்று வரை மருத்துவமனையில் படுத்திருக்கிறார். சித்தி மாயக்காள் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, “துப்பாக்கி குடுத்தாக, அதுல உசுரக் குடுக்கலையே” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார்.

4. அதன் பிறகு துப்பாக்கி என் தந்தை சுருளியாண்டியிடம் வந்தது. குளிரால்தான் கெடுகிறது என்று நான் படித்துச் சொன்னதை அவர் நம்பினார். நம்பியதுதான் வினையாயிற்று. அன்று முதல் சிலிண்டரைக் காவலுக்கு மூட்டும் கணப்புத் தீயில் காட்டிச் சூடேற்றுகிறார். நான் தடுத்தபோது, “கோயில் கொட்டு தொவண்டா அனல்ல காட்டுறோமுல்ல புள்ள, இதுவும் அது மாதிரிதேன்” என்றார். மேளத்தின் தோல் சூட்டில் இறுகும், இரும்புக்குள் அடைபட்ட வாயு வெடிக்கும் என்று சொன்னேன். கையேட்டில் அந்த எச்சரிக்கை தீப்பிழம்புப் படத்துடன் இருப்பதையும் காட்டினேன். “படம் போட்டவுக வீட்டுக்கு யானை வந்துச்சாமா?” என்று கேட்டார். காவலுக்கு வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில், சூடு காட்டினால் குண்டு நன்றாகப் பாய்கிறது. அதனால் என் பேச்சு எடுபடவில்லை.

5. சிலிண்டரின் வாயருகே மெல்லிய செம்புத் தகடு ஒன்று உண்டு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் அது முதலில் கிழிந்து வாயுவை வெளியேற்றும். உயிரைக் காப்பதற்காகவே வைக்கப்பட்ட தகடு அது. சென்ற வாரம் சூட்டில் அது கிழிந்து வாயு சீறிப் போய்விட்டது. அப்பா அதைப் பழுது என்று எண்ணி, ஒரு லேத் பட்டறையில் தடித்த இரும்பு வில்லை வெட்டி அந்த இடத்தில் பொருத்திவிட்டார். “இனி கிழியாது” என்று சந்தோஷமாகச் சொன்னார். சனிக்கிழமை வாயுவும் நிரப்பி வந்துவிட்டார். இரண்டு இரவாக யானை இறங்காததால் இன்னும் சூடு காட்டவில்லை. இப்போது அதைத் தீயில் காட்டினால் கிழிவதற்கு அந்தச் சிலிண்டரைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதைப் பிடித்திருப்பது என் அப்பாவின் கை.

6. சித்தப்பாவுக்கு நேர்ந்ததை அறிந்து, சங்கத்தார் புதிய சிலிண்டர் ஒன்று அனுப்ப முன்வந்துள்ளனர். கரியமில வாயுவா, அழுத்தப்பட்ட காற்றா என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஊர்தான் தேர்ந்து சொல்ல வேண்டுமாம். இரண்டும் அதே துப்பாக்கியில் பொருந்தும். காற்று சிலிண்டரில் திரவம் ஏதும் இல்லாததால் குளிரில் சிறிது குறையுமே தவிர இப்படிப் படுத்துவிடாது. சூடு காட்ட வேண்டிய அவசியமே வராது. குறையையும் மறைக்காமல் சொல்கிறேன்: ஒருமுறை நிரப்பினால் முன்னைவிடக் குறைவான குண்டுகளே சுட முடியும். ஊர்க் கூட்டத்தில் என்னைப் பேச விட்டார்கள். பேசி முடித்ததும் காவல் குழுத் தலைவர் பொன்னுராஜ் மாமா, “நல்லாத்தேன் சொல்ற தாயி. காத்த எங்கன போய் நெரப்புறது?” என்றார். பழைய வகையே போதும் என்று முடிவாயிற்று.

7. அதன் பின் பதில் தேடி அலைந்தேன். கையேட்டில் உள்ளபடி மூவாயிரம் பவுண்டு அழுத்தத்திற்குக் காற்று நிரப்ப முடியுமா என்று கடமலைக்குண்டு பஞ்சர் கடையில் கேட்டதற்கு, “லாரி டயருக்கே நூத்தம்பதுதேன் புடிக்கும், மூவாயிரம் கேக்குறியே, என்ன ராக்கெட் விடப் போறியா?” என்று கேலி செய்தார்கள். ஆனால் புகைக்குள் நுழையும் தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டர் சுமந்து செல்வதைப் பள்ளி ஒத்திகையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. இன்று காலை தேனி தீயணைப்பு நிலையத்திற்குச் சென்றேன். அங்கிருந்த அலுவலர் என்னை உட்கார வைத்து, கையேட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். தங்கள் இயந்திரத்தால் அந்த அழுத்தத்திற்கு நிரப்ப முடியும், இணைப்புக் குழாயும் சிலிண்டரில் சோதனை ஆண்டு முத்திரையும் சரியாக இருந்தால் போதும் என்றார். ஆனால் வெளியார் சிலிண்டரைத் தொட மாவட்ட ஆட்சித் தலைவரின் எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்றும் சொன்னார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

8. ஆகவே, எங்கள் காவல் குழுவின் காற்று சிலிண்டரை நிரப்பித் தருமாறு தீயணைப்பு நிலையத்திற்கு ஆணை வழங்கி உதவுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது கிடைத்தால் ஊர் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். காற்று நிரப்ப வழி கிடைத்தால் மாற்றலாம் என்று பொன்னுராஜ் மாமா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறார். துப்பாக்கி இருந்தாலும் யாரும் ஓடையைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி அந்த ஆணையில் சேர்த்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் தங்களை வாழ்த்துவார்கள்.

9. இன்னும் ஒன்று. ஆணை வரும் வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்று விடியற்காலை அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி எடுத்து வந்துவிட்டேன். ஈரத் துண்டில் சுற்றி, பேருந்தில் வெயில் படாத பக்கம் அமர்ந்து, மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போதும் மரநிழலில் என் பக்கத்தில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் மட்டுமே அதைத் திறக்க வேண்டும்.

மாலைப் பேருந்தில் நான் ஊர் திரும்பியதும் அப்பா அதைக் கேட்பார். தொலைத்துவிட்டேன் என்றால் தேடிப் போவார், ஒளித்துவிட்டேன் என்றால் கண்டுபிடித்துவிடுவார். அரசாங்கம் வாங்கி வைத்துக்கொண்டது என்றால் மட்டுமே பேசாமல் இருப்பார். எனவே மற்ற கோரிக்கைகளுக்கு நாளாகுமானாலும், சிலிண்டரைப் பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்ட ஒரு ரசீதை மட்டும் இன்றே தந்துவிடுங்கள், ஐயா. அது இல்லாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி வாசலிலேயே காத்திருக்கும்,

சு. பாண்டீஸ்வரி

இடம்: தேனி
நாள்: 28.12.2009

இணைப்பு: கரியமில வாயு சிலிண்டர் – ஒன்று (நிரம்பியது. தீயின் அருகில் வைக்க வேண்டாம்.)