ரெக்ஸ் அடுப்பின் முதல் தட்டு

விக்டோரியா அக்கா,

ரெக்ஸ் இன்று ஆறுமுகநேரியில் சொந்தமாக மக்ரூன் கடை திறக்கிறான். அங்கே போகிறேன். நம் பேக்கரிச் சாவி ஆணியில் தொங்குகிறது. பாஹிமா வந்தால் கொடு. வேலையை விட்டுப் போகிறவர் தன் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட வேண்டும் என்பது, என்னைக் கல்யாணம் செய்து வந்ததும் அனுஜா வைத்த வழக்கம். ரெக்ஸ் பாஹிமாவைப் பழக்கியிருக்கிறான். இன்று அவள் தனியாக மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கருவை அடிப்பாள். பக்கத்தில் போய் நிற்காதே.

"ஏலே, நீ கடை நடத்துதியா, பள்ளிக்கூடம் நடத்துதியா? தொழில் படிச்சதும் ஒவ்வொருத்தனா ஓடுதான்" என்று நேற்றுக் கத்தினாய். யாரும் ஓடவில்லை, அக்கா. எல்லாரும் நம்மிடம் சொல்லிவிட்டு, அடுப்புக்கு முன் முழங்காலிட்டுத்தான் போனார்கள். தலையில் கைவைத்துச் செபிப்பது அனுஜாதான். அவளை அடக்கம் செய்த பிறகு போகிற முதல் ஆள் ரெக்ஸ். நான் கைவைத்தேன். செபம் வாயில் வரவில்லை. நெற்றியில் சிலுவை மட்டும் வரைந்தேன்.

"இது போதும்ணே" என்றான்.

மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு.

ஜெரால்டு

பி.கு. மேசைமேல் இருக்கும் டப்பாவில், ரெக்ஸ் தன் புது அடுப்பில் நேற்றுச் சுட்ட முதல் தட்டு மக்ரூன். பாதியை மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நமக்கு அனுப்பினான். எடுத்ததும் மூடிவிடு, கடல்காற்றில் பிசுபிசுத்துவிடும். நம்முடையதைவிட நன்றாக இருக்கிறது. அனுஜா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். நீயாவது எதிர்வீட்டில் சொல்.