மூன்று பங்காளிகளும் முப்பது ஆம்பியரும்

12 ஏப்ரல் 1984

குருவிகுளத்து மருதப்பன் அண்ணாச்சி வீட்டு வயரிங் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர், இவர்தான் மூத்தவர். ஊரில் பருத்திக்காடு, இங்கே சங்கரன்கோவிலில் கூட்டாக ஒரு புது மாடி வீடு. மே பத்தாம் தேதி மூத்தவர் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தம் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர்கள். அவர்கள் வந்து தங்குவதற்காக மூன்று அறைக்கும் ஏ.சி. வைக்கிறார்கள். மூத்தவர் அறை பெரியது, மெஷினும் பெரியது.

16 ஏப்ரல்

கணக்குப் போட்டேன். பெரிய மெஷின் ஓடும்போது பத்து ஆம்பியர், சின்னது ஏழு. கிளம்புகிற நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும். பியூஸ் அதைத் தாங்க வேண்டும். ஆனால் சுவருக்குள் போகிற வயர் சூடாவதற்கு முன்னால் அது உருகிவிடவும் வேண்டும். பெரியதற்குத் தடித்த வயர், இருபது ஆம்பியர் பியூஸ். சின்னது இரண்டுக்கும் மெல்லிய வயர், பதினைந்து. அழகான கணக்கு. என் வீட்டுக்காரி ஞானபாக்கியத்திடம் காட்டினேன். "சோறு ஆறுது" என்றாள்.

19 ஏப்ரல்

வயரைச் சுவருக்குள் போட்டுப் பூசி, பியூஸும் மாட்டிய பிறகு அழகான கணக்கில் மண் விழுந்தது. கடைசித் தம்பி கருத்தப்பாண்டி, பீங்கான் பியூஸ்களின் மேல் இருந்த எண்ணைப் படித்துவிட்டார்.

"மூத்தவருக்கு இருபது, எனக்குப் பதினஞ்சா? ஏன் வே, நான் இங்கன வாடகைக்கா இருக்கேன்?"

பியூஸ் வயரைக் காப்பாற்ற, ஆளுக்கு மரியாதை செய்ய அல்ல என்றேன்.

"காட்டைச் சமமாப் பிரிச்சோம்லா? கரண்டையும் சமமாப் பிரிச்சுப் போடும்."

இரண்டாமவர் சங்கரபாண்டி அதுவரை வாயே திறக்காதவர். "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார்.

20 ஏப்ரல்

பெரிய வெள்ளி. ஆராதனை முடிந்து வந்தால் தம்பிமார் இருவரும் என் வீட்டு வாசலில். இன்றைக்குமா?

23 ஏப்ரல்

சுவரை உடைத்து மூன்றுக்கும் தடித்த வயர் போடுகிறேன், அப்போது மூன்றுக்கும் இருபது வைக்கலாம் என்று இறங்கி வந்தேன். தம்பிமாருக்குச் சம்மதம். மூத்தவர் எழுந்துவிட்டார். "அப்ப நான் மூத்தவன்ங்கறதுக்கு என்ன வே அடையாளம்?" அதோடு, கல்யாண வீட்டில் சுவரில் உளி வைக்கக் கூடாதாம்.

அப்படியென்றால் இருக்கிற மெல்லிய வயருக்கே பெரிய பியூஸ் போட்டு, மின்வாரியத்துக்குக் கொடுக்கிற சோதனை அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், தம்பிமார் சொல்கிறார்கள். புகைந்தால் என் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் கிடக்கட்டும், உள்ளே ஆள் தூங்குமே!

27 ஏப்ரல்

செய்துவிட்டேன். பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு மூன்று பியூஸிலும் சிவப்புப் பெயிண்டில் முப்பது, முப்பது, முப்பது. உள்ளே உருகுகிற கம்பி மட்டும் என் பழைய கணக்குப்படிதான். மூத்தவருடையதை மட்டும் ஒரு விரற்கடை உயரத்தில் மாட்டினேன். மூவருக்கும் பரம திருப்தி. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

29 ஏப்ரல், ஞாயிறு

குருவானவர் பொய்யைப் பற்றி ஒன்றும் பிரசங்கிக்கவில்லை. இருந்தாலும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

10 மே

நேற்றுச் சாயங்காலம் கருத்தப்பாண்டி சம்பந்தக்காரர்களுக்குத் தன் ஏ.சி.யை வேடிக்கை காட்டியிருக்கிறார். போடுவது, அணைப்பது, உடனே மறுபடி போடுவது. அணைத்த மெஷினுக்கு மூன்று நிமிஷமாவது ஓய்வு வேண்டும். இல்லாவிட்டால் சுற்ற முடியாமல் கரண்டை இழுத்துக்கொண்டே நிற்கும். பியூஸ் போனது. போகட்டுமே, அதற்குத்தானே வைத்தேன்! இவர் மேலே இருந்த எண்ணைப் படித்து, கடையில் முப்பது ஆம்பியர் கம்பி வாங்கி, தன் கையாலேயே கட்டிவிட்டார். மறுபடியும் வேடிக்கை. இந்தத் தடவை பியூஸ் போகவில்லை. சுவர் புகைந்தது. கட்டிலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் படுத்திருந்தார்.

யாரோ மெயினை அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. கர்த்தாவே, யாருக்கும் ஒன்றுமில்லை. புளியங்குடிக்காரர்கள் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, காற்று நன்றாக வருகிறது என்றார்களாம். இன்று தாலி கட்டியும் ஆயிற்று.

கருத்தப்பாண்டியை நான் என்ன சொல்ல? எண்ணை எழுதினது யார்? நான்தானே — நான்தானே எழுதுனேன்!

12 மே

மூவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அந்த எண் பொய், எழுதியவன் நான், இதோ என் லைசென்ஸ், புகார் கொடுப்பதென்றால் கொடுங்கள் என்று முன்னால் வைத்தேன்.

கருத்தப்பாண்டிதான் முதலில் தலையைத் தூக்கினார்.

"அப்ப மூத்தவருக்கும் முப்பது இல்லையா வே?"

இல்லை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. லைசென்ஸை என் பக்கம் தள்ளிவிட்டார்.

20 மே

கல்யாணம் முடிந்ததால் உளி வைக்க விட்டார்கள். புகைந்த வயரை மாற்றியாயிற்று. பியூஸ் பெட்டிக்குப் பூட்டு, சாவி என்னிடம். இனி எண் வேண்டாம், பெயரை எழுதும் என்றார்கள். ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே உயர எழுத்தில் எழுதினேன். கருத்தப்பாண்டி பெயர் நீளமாக இருக்கிறதென்று மூத்தவர் ஆள் அனுப்பியிருக்கிறார்.

3 ஜூன்

நடு அறைப் பியூஸ் போனது. சங்கரபாண்டி பெட்டியின் பூட்டைத் தொடவில்லை, எனக்குத்தான் ஆள் அனுப்பினார். புதுக் கம்பி கட்டினேன். எத்தனை ஆம்பியர் என்று அவர் கேட்கவில்லை. பதினைந்து என்று நானே சத்தமாகச் சொன்னேன்.